வீராவுக்கு எங்கே எண்ணெய் மாற்றுவது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பெம்பான் வீட்டில் இருந்தவர்கள் தம்புசாமி, அவர் மனைவி மங்களம், மகன் திவாகர், மருமகள் ஷாந்தினி, பக்கத்து வீட்டு மைக்கேல். வேறு யாரும் இல்லை. தம்புசாமியின் தம்பி காளிமுத்து அந்த வீட்டு வாசலை மிதித்து வருடங்கள் ஆகியிருந்தன. ஷாந்தினியின் அண்ணன் தினேஷ்வரன் முந்தின நாளே வந்து, தட்டில் வெற்றிலை பழம் வைத்து, ஜாசினில் தான் திறக்கப்போகும் கார் பட்டறையின் பூசைக்கு அழைத்துவிட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பேசியதைக் காதால் கேட்டதாகப் பின்னால் பலர் சொன்னார்கள். கேட்டவர்கள் இந்த ஐந்து பேர்தான்.

பேச்சு, காருக்கு எங்கே எண்ணெய் மாற்றுவது என்பது.

விடியும்வரை மழை பெய்திருந்தது. வாசலில் தம்புசாமியின் பழைய புரோட்டோன் வீரா ஈரத்தோடு நின்றது. தோட்டத்து லயத்தை விட்டு இந்த வீடமைப்புத் தாமானுக்கு வீடு மாறிய வருடம் வாங்கிய கார்; அவர்கள் பேச்சில் காடி. மங்களம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நெத்திலிச் சம்பல் வாசம் கேட்டைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். மைக்கேல் அதை முகர்ந்துதான் வந்தார் என்று மங்களம் சொன்னாள்.

“நான் சம்பலுக்கு வரல அண்ணி. காடிய கழுவ அண்ணன் பைப்பு கேட்டாரு, குடுக்க வந்தேன்.”

“பைப்பு எங்க?”

“மறந்துட்டேன் லா.”

தம்புசாமி சிரிக்கவில்லை. அவர் சாப்பிடும்போது சிரிப்பவர் அல்ல. நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டிய காலத்திலும், ரப்பர் பால் டாங்கியோ செம்பனைக் குலையோ எதை ஏற்றினாலும், அவர் சட்டையில் ஒரு பொத்தான் திறந்திருந்து யாரும் பார்த்ததில்லை. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவனாக வளர்ந்தவர். தம்பி காளிமுத்துவைத் தன் லோரியிலேயே கெலிண்டானாக, கூடப் போகும் எடுபிடியாக ஏற்றி, டயர் கழற்றவும் கிரீஸ் அடிக்கவும் பழக்கி, தோட்டத்துப் பட்டறையில் பெரிய போமனிடம் மெக்கானிக் வேலை படிக்கச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு காளிமுத்து நியாலாஸில் சாலையோரம் தகரம் வேய்ந்து சொந்தமாகப் பட்டறை போட்டார். அதற்கு முதல் விளக்கு ஏற்றியது மங்களம்.

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியது கோயில் கூட்டத்தில். தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போனபோது முனியாண்டி கோயில் அந்த நிலத்துக்குள் மாட்டிக்கொண்டது. தம்புசாமி அப்போது கோயில் தலைவர். சாமியை அசைக்கக் கூடாது என்றார் அவர். அவர்கள் வந்து இடிப்பதற்கு முன் நாமே மரியாதையாக எடுத்து வேறு இடத்தில் வைப்போம் என்றது இன்னொரு அணி. ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுத்தார்கள். அத்தனை பேர் முன்னால் காளிமுத்து அந்த அணிக்குக் கை தூக்கினார். சாமி கடைசியில் இடம் மாறத்தான் செய்தது, காளிமுத்து சொன்ன விதத்திலேயே. தம்புசாமி அதைப் பற்றிப் பேசுவதில்லை. தோற்றது பெரிதல்ல, யார் கையால் தோற்றோம் என்பதுதான் என்று மங்களத்திடம் ஒருமுறை சொன்னார். அதோடு சரி.

ஆனால் கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கொண்டு வா என்பது காளிமுத்து சொல்லிவிடும் கணக்கு. திவாகர் ஓட்டிப்போவான். மங்களம் கருவாட்டுக் குழம்பையோ எலுமிச்சை ஊறுகாயையோ பாத்திரத்தில் கட்டிக் கொடுப்பாள். காளிமுத்து எண்ணெய் மாற்றி, பிரேக்கைப் பார்த்து, மிச்ச எண்ணெயைப் புட்டியோடு காரின் பின்பெட்டியில் வைத்து, கழுவிய பாத்திரத்தைத் திருப்பி அனுப்புவார். அந்த வீட்டுக் காருக்கு அவர் காசு வாங்கியதே இல்லை. கார் திரும்பி வந்ததும் தம்புசாமி வாசலுக்கு வருவார்.

“என்ன சொன்னான்?”

“காடியப் பத்தியா அப்பா?”

“வேற எதப் பத்தி? காடியப் பத்திதான்.”

திவாகர் சித்தப்பா சொன்னதைச் சொல்வான். மேட்டில் இன்னும் இரண்டாவது கியரிலேயே ஏற்றுகிறார், கிளட்ச் சொல்கிறது. சீட்டைப் பின்னால் தள்ளியிருக்கிறார், முட்டி வலியா? டயரில் செம்மண் இருக்கிறது, அம்மா சமாதிக்குப் போய்வந்தாரா? தம்புசாமி முழுதும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த கார்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை யோசனையில் நின்றது. ஏனென்றால் தினேஷ்வரன் முந்தின நாள் தட்டை நீட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தான். பூசை முடிந்ததும் தன் பட்டறையில் ஏறும் முதல் கார் மாமாவின் கார் ஆக வேண்டும், முதல் எண்ணெய் அதற்குத்தான் மாற்ற வேண்டும் என்று.

“எண்ணெய்க்கும் நேரம் ஆச்சு,” என்றார் தம்புசாமி. “இந்த வாரம் மாத்தியே ஆவணும்.”

“நேரம் ஆச்சுன்னா கொழுந்தன்கிட்டதானே போவும்,” என்றாள் மங்களம் அடுப்படியிலிருந்து. “நேத்தே கருவாடு ஊறப் போட்டுட்டேன்.”

“மின்யாக் ஈத்தாம், ஒரு கறுப்பு எண்ணெ மாத்துறதுக்கு இவ்வளவு மீட்டிங்கா அண்ணே?” என்றார் மைக்கேல். “எங்க வீட்டுல எலைன் போன்ல தட்டுறா, ஓட்டல் வாசலுக்கே மோட்டோல ஆள் வந்து மாத்திட்டுப் போறான்.” எலைன் அவருடைய மகள், தஞ்சோங் கிளிங்கில் ஓட்டல் வேலை.

“வழியில போறவன் கையில எங்க காடியக் குடுக்குற வழக்கம் இந்த வீட்டுல இல்ல மைக்கேல்.”

“சரி லா. கோவிக்காதீங்க. தோசை ஆறுது.”

திவாகர் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நல்ல பையன். ஆனால் கெட்ட செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்க்கிறவன்.

“அப்பா, ஒரு விஷயம். போன தடவ சித்தப்பா ஒண்ணு சொன்னாரு. நான் சொல்லாம விட்டுட்டேன்.”

“என்ன?”

“‘அடுத்த தடவ நீ வராத. காடிய அண்ணனே ஓட்டிக்கிட்டு வரட்டும்’னாரு.”

தோசைக்கல்லில் மங்களத்தின் கரண்டி நின்றது. மைக்கேல் கோப்பிக் குவளைக்குள் பார்த்தார்.

“எப்படிச் சொன்னான்?” என்றார் தம்புசாமி.

“எப்படின்னா?”

“சிரிச்சிக்கிட்டா, மொறைச்சிக்கிட்டா?”

“ஸ்டூல்ல ஒக்காந்துக்கிட்டு.”

“அவன் ஒக்காந்து வேல செய்யிறவன் இல்லையே.”

“எளைச்சிட்டாரு பா. இனிப்பு நீர் வியாதி. ஆளு வச்சுத்தான் நட்டு கழட்டுனாரு. இவரு பக்கத்துல இருந்து சொன்னாரு, ‘எண்ணெ சூட்டோட வடியட்டும், அவசரப்படாத’ன்னு. எப்பவும்போல.”

“இத இத்தன மாசம் கழிச்சுச் சொல்றியா?”

“சொன்னா நீங்க கோவப்படுவீங்கன்னு...”

“இப்ப மட்டும் கோவப்படலியா?”

உண்மையில் அவருக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் படம்தான் மனசில் வந்து நின்றது. லோரிக்கு அடியில் ஒரு சாக்கைப் போட்டுப் படுத்தால் மத்தியானம்வரை எழுந்திருக்காதவன். அந்தப் படத்தை அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம். அதற்குள், ‘அண்ணனே வரட்டும்’ என்ற சொல் முன்னால் வந்துவிட்டது.

“எனக்கு உத்தரவு போடுறானா?”

“அண்ணே, அது கூப்புடுறது லா,” என்றார் மைக்கேல். “உத்தரவு இல்ல.”

“கூப்புடணும்னா வீட்டுக்கு வந்து கூப்புடணும். நான் மூத்தவன். என்ன கடைக்கு வரச் சொல்றானா, நட்டு கழட்டுற எடத்துக்கு?”

“அந்த மனுசனால முன்ன மாதிரி முடியலன்னு புள்ள சொல்லுதே,” என்றாள் மங்களம். கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். “எங்கங்க கூப்புடுவாரு? தெரிஞ்ச எடத்துலதான் கூப்புடுவாரு. நீங்க ரெண்டு பேரும் வேற எங்க பேசியிருக்கீங்க? லோரிலயும் வொர்க்‌ஷாப்லயும்தானே.”

“நீ தோசையப் பாரு. கருகுது.”

“கருகட்டும்.”

மங்களம் அப்படி எதிர்த்துச் சொல்பவள் அல்ல. அப்போது ஷாந்தினி வாயைத் திறந்தாள். அதுவரை, தன் பிறந்த வீட்டுப் பேச்சு என்பதால், ஒதுங்கியே நின்றிருந்தாள்.

“மாமா, நீங்க சித்தப்பாகிட்டயே போங்க. எங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவன் ஒண்ணும் நெனைக்க மாட்டான். வேற காடி ஏறட்டும்.”

பெருந்தன்மையான வார்த்தை. அந்த வீட்டுக்கு வந்த மருமகள் எப்படிப்பட்டவள் என்பதற்கு அது போதும். தம்புசாமிக்கு அதற்கு மேல் சாக்கு ஏதும் மிஞ்சவில்லை. இருந்தும் அவர் எழுந்து கைகழுவிக்கொண்டே சொன்னார்:

“சம்பந்தி வீட்டுப் புள்ள தட்டு வச்சிக் கேட்டிருக்கான். தட்ட வாங்கிட்டு இல்லன்னு சொல்ற பரம்பர நாம இல்ல. காடி ஜாசினுக்குப் போவும்.”

“அப்ப கருவாடு?” என்றார் மைக்கேல்.

“ஒங்க வீட்டுக்கு அனுப்புறேன்,” என்றாள் மங்களம். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

பூசை அந்த வாரம் வெள்ளிக்கிழமை நடந்தது. தினேஷ்வரனின் பட்டறை நல்ல பட்டறை. தரையில் பச்சைச் சாயம், காரைத் தூக்கும் இயந்திரம், வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள். வாசலில் வாழை கட்டி, பூசணிக்காய் உடைத்து, வீராவின் நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஏற்றினார்கள். தம்புசாமிக்கு மாலை போட்டார்கள். சம்பந்தி வீட்டார், ஜாசின் கடைக்காரர்கள், கோயில் ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். வெள்ளை வேட்டி, பொத்தான் போட்ட சட்டை, மாலை. அவர் அப்படி நின்றபோது, வந்தது சரிதான் என்று அவருக்கே தோன்றியது.

தினேஷ்வரன் காரை உயர்த்துவதற்கு முன் எஞ்சின் மூடியைத் திறந்து, அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தான். விரலில் எண்ணெயைத் தேய்த்தான். பிறகு ஏதோ யோசனையாகப் பின்பெட்டியைத் திறந்து, காளிமுத்து வைத்திருந்த மிச்ச எண்ணெய்ப் புட்டியை எடுத்துப் பார்த்தான்.

“மாமா, இந்த எண்ணெயா ஊத்துறாங்க உங்களுக்கு?”

“ஏன், மட்டமா?”

“மட்டமா? இருக்கிறதுலயே ஒசத்தி. பழைய வீராவுக்கு யாரும் இத ஊத்த மாட்டாங்க. இது பத்தாயிரம் ஓடும் மாமா, கண்ண மூடிக்கிட்டு. நீங்க எவ்வளவுக்கு மாத்துறீங்க?”

“அஞ்சாயிரம்.”

“அஞ்சாயிரத்துக்கு எதுக்கு? இன்னும் நல்லாத்தான் இருக்கு. யாரு மாத்தச் சொன்னா?”

தம்புசாமி பதில் சொல்வதற்குள் கூட்டத்தில் ஒருவர், கோயில் கூட்டத்தில் காளிமுத்துவோடு கை தூக்கிய அதே அணியைச் சேர்ந்தவர், சத்தமாகச் சொன்னார்: “தம்பி காளிதான் சொல்லியிருப்பாரு. அடிக்கடி வரச் சொன்னாத்தானே போமனுக்கு ஓடும்! அண்ணன்னு பாத்தா அடுப்பு எரியுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். வஞ்சமாகச் சிரித்த சிரிப்பு அல்ல, விழா வீட்டுச் சிரிப்பு. தினேஷ்வரனும் சிரித்தான்; அவனுக்கு ஒன்றும் தெரியாது.

சிரிப்பு அடங்குவதற்குள் தம்புசாமிக்கு விளங்கிவிட்டது. லோரி ஓட்டியவர், எண்ணெய் எவ்வளவு ஓடும் என்பது தெரியாதவர் அல்ல. தம்பி சொன்ன கணக்கு என்பதால் அவர் அதை ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை. காசு வாங்காத ஒருவன், உயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு, பாதித் தூரத்திலேயே திரும்பி வா என்று வருடக்கணக்காகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். காருக்கு அது தேவையில்லை. அண்ணன் வீட்டுக் கார் அடிக்கடி வாசலில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

அப்போது அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என் தம்பி எங்களிடம் ஒரு சல்லிக் காசு வாங்கியதில்லை என்று, அந்தப் பட்டறை முழுக்கக் கேட்கும்படி. குடும்பப் பெயரைப் பற்றி வாழ்நாள் முழுதும் பேசியவர். மாலை கழுத்தில் கிடந்தது. ஊரார் முன்னால் தம்பிக்காகப் பேசினால், அந்தக் கூட்டத்தில் தான் தோற்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று எங்கிருந்தோ ஒரு எண்ணம். பேசாமல் நின்றார். மங்களம் பெண்கள் பக்கத்திலிருந்து அவரையே பார்த்தாள்.

“மாத்திடட்டுமா மாமா, வேணாமா?” என்றான் தினேஷ்வரன்.

“பூச போட்டாச்சுல்ல. மாத்து.”

பழைய எண்ணெய் தேன் நிறம் மாறாமல் இறங்கியது என்று சொல்ல முடியாது, கறுத்துத்தான் இருந்தது. ஆனாலும் இன்னும் ஓடக்கூடிய எண்ணெய். அது தட்டில் வடிந்து முடிவதற்கு முன்பே தினேஷ்வரன் நட்டை முடுக்கினான். அவனுக்கு வேலை இருந்தது, வாசலில் சாப்பாட்டுக்கு ஆட்கள் நின்றார்கள்.

“இனி பத்தாயிரத்துக்கு வந்தா போதும் மாமா. உங்க ஓட்டத்துக்கு ஒரு வருசத்துக்கு மேலேயே ஆவும்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பெம்பான் சந்திப்பில் கார் நின்றபோது மங்களம் சொன்னாள்.

“கொழுந்தன் காது வரைக்கும் போவும் இது.”

போனது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பேச்சு நடந்துபோக மூன்று நாள் ஆகும். சிரிப்போடு சேர்ந்த பேச்சு அன்றைக்கே போய்விடும். அண்ணனையே எண்ணெயில் ஏமாற்றிய போமன் என்று நியாலாஸில் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் காளிமுத்து முகத்துக்கு நேராகவே சொல்லி, அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனதாக மைக்கேல் கேட்டு வந்து சொன்னார்.

“அவனாவது மறுத்துச் சொல்லியிருக்கலாம்ல?” என்றார் தம்புசாமி.

“என்னன்னு சொல்லுவாரு அண்ணே? ‘எங்க அண்ணனப் பாக்கணும்னுதான் பொய் கணக்கு சொன்னேன்’னா?”

தம்புசாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். மைக்கேலுக்கும் தெரிந்திருக்கிறது. மங்களத்துக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் வீட்டின் மூத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம் வினோதம். தம்புசாமி தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கார் எடுக்கத் தொடங்கினார். ஒருநாள் ஜாசின், ஒருநாள் ஆயர் குரோ. பிறகு இன்னும் தள்ளி, நகரத்தைத் தாண்டி, தஞ்சோங் கிளிங் வரைக்கும். அங்கே கடலோரச் சாலையில் நிறுத்தி, இறங்காமல், கொஞ்ச நேரம் மீன்பிடிப் படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். தனியாகப் போக மங்களம் விடவில்லை. மைக்கேலைத் துணைக்கு ஏற்றிவிட்டாள். மைக்கேலுக்கு மகளின் ஓட்டலில் ஒரு கோப்பி குடிக்கலாம் என்று சந்தோஷம். அதுவும் முதல் வாரம்தான்.

“எங்கங்க போறீங்க தெனமும்?” என்பாள் மங்களம்.

“காத்து வாங்க.”

“பெம்பான்ல காத்து இல்லியா?”

திவாகர் பெட்ரோலைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, அம்மாவின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஒருநாள் கடலோரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பான் இழுத்து இழுத்து அடித்தது. மைக்கேல் ஓட்ட மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“அண்ணே, கேட்டா கோவிக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“பத்தாயிரத்த சீக்கிரம் ஓட்டி முடிக்கிறீங்களா?”

தம்புசாமி கடலைப் பார்த்தார்.

“எண்ணெ மாத்த வேண்டிய காடியா இருந்தாத்தான் அங்க கொண்டு போவ முடியும் மைக்கேல். அவன் காடிய ஓட்டிட்டு வரச் சொன்னான். நேத்து மாத்துன எண்ணெயோட போய் நின்னா, எதுக்கு வந்தேன்னு கேப்பான். என்ன சொல்லுவேன்?”

“‘ஒன்னப் பாக்க வந்தேன்’னு சொல்லுங்க.”

“அது மன்னிப்பு கேக்கப் போன மாதிரி ஆயிடும்.”

“ஆவட்டுமே லா.”

“ஒனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியாதுதான். எனக்கு அண்ணன் தம்பி இல்ல. ஆனா ஒண்ணு தெரியும். நியாலாஸ் நம்ம வீட்டுலேருந்து அரை மணி நேரம். நியாலாஸ் போறதுக்காக நாம தெனம் தஞ்சோங் கிளிங் வந்துக்கிட்டு இருக்கோம்.”

மழை விடும் முன்பே தம்புசாமி காரை எடுத்தார். திரும்பும் வழியில் ஒரு முறை, நியாலாஸ் சாலைக்குப் பிரியும் இடத்தில், வலது பக்க விளக்கைப் போட்டார். பின்னால் வந்த செம்பனை லோரி ஹாரன் அடித்தது. தம்புசாமி விளக்கை அணைத்துவிட்டு நேராக ஓட்டினார். பத்தாயிரத்தில் இன்னும் பாதிகூட ஆகவில்லை என்றார், மைக்கேல் எதுவும் கேட்காமலே.

மங்களம் காத்திருக்கவில்லை. ஒரு நாள் பேருந்து பிடித்துத் தனியாக நியாலாஸ் போய் வந்தாள். குழம்புப் பாத்திரத்தோடு போனவள் கழுவிய பாத்திரத்தோடு திரும்பினாள். அவளிடம் தம்புசாமி வழக்கம்போலக் கேட்டார்.

“என்ன சொன்னான்?”

“காடியப் பத்தியா?”

அவர் பதில் சொல்லவில்லை. மங்களம் சொன்னாள்.

“கட்டில்லதான் கெடக்குறாரு. கால்ல புண்ணு. ‘அண்ணன் காடி நல்லா ஓடுதா’ன்னாரு. ஓடுதுன்னேன். ‘அந்தப் புள்ள நட்ட ரொம்ப முடுக்காம இருந்தா சரி, நட்டோட மரை புடுங்கிட்டா எண்ணெ ஒழுகும்’னாரு. வேற ஒண்ணும் கேக்கல. கடையில பேசுனதப் பத்தி ஒரு வார்த்த இல்ல. நீங்க போங்கங்க. நான் கால்ல விழுந்து கேக்கல, சும்மாதான் சொல்றேன். போங்க.”

“போறேன்,” என்றார் தம்புசாமி. அந்தச் சொல்லை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னார். “தைப்பூசம் கழியட்டும். அதுக்குள்ள காடியும் ஓடிரும்.”

தைப்பூசத்துக்கு முன்பே காளிமுத்து இறந்துபோனார். விடியற்காலையில், தூக்கத்தில். மகள் அனுசியா குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டாள். திவாகரின் போனில்தான் வந்தது. அவன் இம்முறை நேரம் பார்க்கவில்லை, உடனே வந்து அப்பாவிடம் காட்டினான்.

தம்புசாமி கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார். பிறகு குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்தார். மங்களம் அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள்.

“வாங்க போவோம்.”

“நீங்க போங்க. நான் வரேன்.”

“என்னத்துக்கு ஒக்காந்திருக்கீங்க?”

“மூத்தவன் வீட்டுக்கு ஆள் வந்து சொல்லணும். எழவு சொல்ற மொறைன்னு ஒண்ணு இருக்கு. போன்ல போட்டா ஆயிடுமா?”

“ஐயோ, கூடப் பொறந்தவனுக்கு யாருங்க ஆள் அனுப்புவா?” என்றாள் மங்களம். “அந்தப் பொண்ணு தனியா நின்னு அழுவுது. நீங்கதான் போயி ஆள் அனுப்பணும் மத்தவங்களுக்கு!”

அவர் எழவில்லை. திவாகரும் ஷாந்தினியும் மங்களத்தை அழைத்துக்கொண்டு தங்கள் காரில் போனார்கள். மைக்கேல் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. தம்புசாமி வாசலைப் பார்த்தபடி இருந்தார். அங்கே நியாலாஸில் அனுசியா, பெரியப்பா எப்படியும் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். வீட்டு ஆளுக்கு யாராவது ஆள் விடுவார்களா என்பது அவள் நினைப்பு. பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். மேகம் திரண்டு வந்தது. கடைசியில், குழியில் தண்ணீர் நின்றுவிடும் என்று ஆட்கள் சொல்ல, மூடித் தூக்கினார்கள்.

மழை பெம்பானிலும் விழத் தொடங்கியபோது தம்புசாமி எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். மைக்கேல் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தோட்டத்து இடுகாட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். ஈர மண்ணில் மாலைகள் கிடந்தன. கூட்டம் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தது. தம்புசாமி காரை விட்டு இறங்கி, அவர்களுக்கு எதிராக, தனியாக உள்ளே நடந்தார். பொத்தான் போட்ட சட்டை மழையில் உடம்போடு ஒட்டிக்கொண்டது. எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். விஜயராணி, காளிமுத்துவின் மனைவி, அவரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, “காடிச் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு மாமா,” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது பெம்பானிலும் ஜாசினிலும் பேசிக்கொள்வது வேறு. தம்புசாமியின் கார் நியாலாஸ் போகும் வழியில் புகை கக்கி நின்றுவிட்டதாம். சம்பந்தி வீட்டுப் பையன் ஊற்றிய எண்ணெய் மட்டமாம். அதனால்தான் தம்பி முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையாம். தினேஷ்வரனின் பட்டறைக்குப் போகாமல் இருக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள்.

அது பொய். கார் எங்கேயும் நிற்கவில்லை. எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. அவர்தான் புறப்படவில்லை.